கெட்டித் தரைக்கு எந்த ஃபேர்வே வுட்?

கோல்ஃப் கருவிகளைப் பற்றி நமக்குப் படிக்கக் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுதப்பட்டவை. அங்கே மைதானத்துப் புல் அடர்த்தியாக இருக்கும். பந்து மண்ணில் உட்காராமல் புல்லின் மேல் ஏந்தலாக நிற்கும். அப்படி நிற்கும் பந்தை அடித்து நல்ல பெயர் வாங்கிய கிளப்பை, சித்திரை வெயிலில் இறுகிப்போன சென்னைத் தரையில் நாம் வீசுகிறோம். அந்தத் தீர்ப்பு இங்கும் செல்லுமா என்று கேட்டுப் பார்ப்பவர் குறைவு. பையில் உள்ள கிளப்புகளில் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியது ஃபேர்வே வுட்டைப் பார்த்துத்தான். டிரைவருக்கு அடுத்தபடி நீளமான கிளப் அது. டிரைவருக்காவது டீ உண்டு. இதைப் பெரும்பாலும் வெறும் தரையிலிருந்தே அடிக்க வேண்டும்.

நான் யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், தாம்பரம் பக்கம் கோல்ஃப் ஆடுகிறவர்களில் பலர் பரம்பரையாக இந்த விளையாட்டுக்குள் வந்தவர்கள் இல்லை. ஒரகடத்திலோ மகிந்திரா சிட்டியிலோ வேலை பார்க்கும்போது, உடன் வேலை செய்யும் ஜப்பான்காரரும் கொரியாக்காரரும் கூப்பிட்டுப் போய்ப் பழக்கிவிட்டதில், நாற்பதை நெருங்கும் வயதில் ஸ்டிக்கைப் பிடித்தவர்கள். விடியும் முன் ஜிஎஸ்டி சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு நந்தனம் கோல்ஃப் மைதானம் வரை போக வேண்டும். மாதத்துக்கு ஓரிரு ஆட்டம் கிடைத்தாலே பெரிது. கிண்டி மைதானத்தின் நிலையும் முன்புபோல் இல்லை. 2024 செப்டம்பரில் அங்குள்ள ரேஸ் கிளப் நிலத்தைத் தமிழக அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. ஆக, புல்லில் நின்று அடிக்கும் வாய்ப்பே நமக்கு அரிது. பழகப் பழக வசப்படும் என்று ஒரு கிளப்பை வாங்கி வைத்துக்கொள்ள நமக்கு நேரம் இல்லை. முதல் வீச்சிலேயே ஒத்துழைக்கிற கிளப் வேண்டும். இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

விலையும் லேசானதல்ல. பெரிய நிறுவனங்களின் புதிய ஃபேர்வே வுட் 25,000 ரூபாய்க்குக் கீழே கிடைப்பது அரிது; 30,000-ஐத் தாண்டுவது சகஜம். ஒரு ஆட்டத்துக்குப் பையில் 14 கிளப்புகள்தான் அனுமதி. அவ்வளவு பணம் கொடுத்து, அந்தப் பதினாலில் ஒரு இடத்தையும் கொடுக்கிறோம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கேட்டு வாங்குவது 3-வுட். 15 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு), ஏறத்தாழ 43 அங்குல நீளம். கிளப் வரிசையில் டிரைவருக்கு அடுத்து அதுதான் வருகிறது, செட்டாக வாங்கினாலும் அதுதான் சேர்ந்து வருகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதையும் நான் கேட்டதில்லை.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். ட்ராக்மேன் நிறுவனம் நெடுநாளாக வெளியிட்டு வந்த சராசரிப் பட்டியலில், அமெரிக்க பிஜிஏ டூரில் ஆடும் ஆண்களின் டிரைவர் வேகம் மணிக்கு 113 மைல், 3-வுட்டில் 107. அந்த வேகத்தில் பந்து காற்றிலேயே 243 யார்டு போகிறது. எல்பிஜிஏ பெண்களுக்கு 3-வுட்டில் வேகம் 90 மைல், தூரம் 195 யார்டு. நம்மில் டிரைவரை 85 மைல் வேகத்தில் வீசுபவரை நடுத்தரமானவர் என்று வைத்துக்கொண்டால், அதே விகிதத்தில் அவருடைய 3-வுட் வேகம் 80 மைல்தான் வரும். உலகின் சிறந்த பெண் ஆட்டக்காரர்களைவிடப் பத்து மைல் குறைவு. அவர்கள் முகத்தின் நடுவில் அடிப்பது போல நாம் அடிக்கப் போவதும் இல்லை.

பந்தை மேலே தூக்கி நிறுத்துவது அதன் பின்சுழற்சி. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பந்து பின்னோக்கிச் சுழலும்போது மேல்நோக்கிய விசை கிடைக்கிறது. வேகமும் சுழற்சியும் சேர்ந்தால்தான் அந்த விசை பந்தைத் தாங்கும். வேகம் குறைந்தால் அந்தக் குறையை லாஃப்ட் ஈடுகட்ட வேண்டும். 15 டிகிரியில் ஈடுகட்ட அதிகம் இல்லை. பந்து தாழப் பறந்து, சீக்கிரம் இறங்கி, உருண்டு ஓடுகிறது. அதே பட்டியலில் எல்பிஜிஏ பெண்களுக்கு 3-வுட் 195 யார்டு என்றால் 5-வுட் 185 யார்டு. அவர்களுக்கே வித்தியாசம் பத்து யார்டுதான். 80 மைல் வேகத்தில் அந்தப் பத்தும் கரைந்து ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது; சிலருக்கு 5-வுட்டே கூடுதலாகப் போகும். இறங்கும் கோணத்திலோ வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பெண்களின் 3-வுட் பந்து 39 டிகிரியில் தரை தொடுகிறது, 5-வுட் 43 டிகிரியில். கோடையில் காய்ந்த கிரீனில் இந்த நாலு டிகிரிதான் பந்து நிற்கிறதா, பின்னால் உள்ள பங்கருக்குள் உருண்டு போகிறதா என்பதை முடிவு செய்கிறது.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தரை. இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. விதிப்படி பந்தின் குறைந்தபட்ச விட்டம் 42.67 மில்லிமீட்டர். வெறும் தரையில் உட்கார்ந்த பந்தின் மையம் தரையிலிருந்து 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். 15 டிகிரி சாய்ந்த முகம் அந்தப் பந்தை மையத்துக்கு நேராகத் தொடாது. சாய்வின் காரணமாக அதற்கு ஐந்து, ஐந்தரை மில்லிமீட்டர் கீழேதான் தொடும். ஆக, கிளப்பின் அடிப்பாகம் தரையை உரசிக்கொண்டு குறையே இல்லாமல் வந்தாலும், முகத்தில் பந்து படும் இடம் தரையிலிருந்து சுமார் 16 மில்லிமீட்டர் உயரம். இப்போதைய 3-வுட்களில் உயரமான முகம் கொண்டவற்றின் நடுப்புள்ளி இதைவிட மேலே இருக்கிறது. நாம் பிழையே செய்யாதபோதும் அடி நடுவுக்குக் கீழே விழுகிறது. அடிப்பாகம் மூன்று மில்லிமீட்டர் தூக்கி வந்தால் இன்னும் கீழே. யார்க்கரை பேட்டின் அடிமுனையில் வாங்கினால் கையில் ஒரு வறட்டு அதிர்வு வருமே, அதே அதிர்வு. பந்தின் வேகம் செத்துப்போகிறது. முகம் மேலிருந்து கீழாக லேசாக வளைந்திருப்பதால் கீழ்ப்பகுதியில் லாஃப்டும் குறைவு. இருந்த 15 டிகிரியிலும் கொஞ்சம் போய்விடுகிறது.

புல் செழித்த மைதானத்தில் பந்து பத்து மில்லிமீட்டர் மேலே நின்றால் இதே கணக்கு தலைகீழாக மாறும். அடி நடுவில் விழும். கிளப் அற்புதமாகத் தோன்றும். வெளிநாட்டு மதிப்புரை பொய் சொல்வதில்லை. அது வேறு தரையைப் பற்றிப் பேசுகிறது, அவ்வளவே. நமக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சில வாரங்கள் அப்படிப்பட்ட புல் வாய்க்கும். அந்த நாட்களில் 3-வுட்டை அடித்துப் பார்த்துவிட்டு, தை முடிந்ததும் "கை விட்டுப்போச்சு" என்று நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கை எங்கும் போகவில்லை. தரைதான் மாறியிருக்கிறது.

இதைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் செலவழித்து லாஞ்ச் மானிட்டர் தேட வேண்டியதில்லை. முகத்துப் பவுடரை ஈரத்துணியில் தொட்டு கிளப்பின் முகத்தில் மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். புல்லில் வைத்து ஐந்தாறு பந்து அடித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். பந்தின் குழிகள் பதிந்த வட்டங்கள் வெள்ளைப் பூச்சில் தெளிவாகத் தெரியும். 3-வுட்டில் அந்த வட்டங்கள் முகத்தின் கீழ் விளிம்பை ஒட்டி, பாதி வட்டமாக, குதிகால் பக்கம் சாய்ந்து கிடக்கும். சிலவற்றில் வட்டமே இருக்காது. விளிம்பில் ஒரு கீற்று மட்டும் இருக்கும். தாழ்ந்த முகம் கொண்ட 7-வுட்டில் இதையே செய்தால் வட்டங்கள் முழுசாக, நெருக்கமாக விழும். அதே ஆள், அதே ஸ்விங். மாறியது நீளமும் லாஃப்டும் முகத்தின் உயரமும்தான்.

இந்தச் சோதனையைப் பாயில் செய்யக் கூடாது. பயிற்சிக்கூடத்திலும் கடையிலும் விரித்திருக்கும் செயற்கைப் பாய் ஃபேர்வே வுட் விஷயத்தில் பெரிய ஏமாற்று. பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னதாகத் தரையில் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். கணினித் திரையில் 200 யார்டு என்று எழுதும். அதே அடி நிஜத் தரையில் விழுந்தால் கிளப் எகிறிப் பந்தின் தலையில் அடிக்கும், அல்லது மண்ணில் குத்தி நின்றுவிடும். கடைப்பாயில் ஒளிரும் 3-வுட் எண்களை நம்பி முப்பதாயிரத்தை எடுத்து வைப்பது வீண்.

இனி ஒரு குறிப்பிட்ட கிளப்பை எடுத்துக்கொள்வோம். டெய்லர்மேட் 2020-ல் கொண்டுவந்த சிம் மேக்ஸ். அதற்குப் பின் பல தலைமுறைகள் வந்துவிட்டன. அதனாலேயே இன்று இது பழைய சரக்காக நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. எஃகுத் தலை. அடிப்பாகம் தட்டையாக இல்லாமல் இங்கிலீஷ் வி எழுத்து போல நடுவில் இறங்கி இருபுறமும் ஏறியிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் விற்ற வி ஸ்டீல் என்ற கிளப்பின் வடிவம் அது. தரையில் படும் பரப்பு குறைவு என்பதால் கெட்டித் தரையில் துள்ளாமல் ஊடுருவிப் போகிறது. மழைக்காலத்து நெடும்புல்லிலும் சிக்காமல் வெளியே வருகிறது. முகத்துக்குப் பின்னால் அடிப்பாகத்தில் ஒரு பிளவு உண்டு. முகத்தின் கீழ்ப்பகுதி கொஞ்சம் வளைந்து கொடுக்க அது உதவுகிறது. நம் அடிகள் எங்கே விழுகின்றன என்று பவுடர் காட்டியதோ, அங்கேயே உதவி வைத்திருக்கிறார்கள். தலை கழற்றித் திருப்பும் வகை இல்லை, ஒட்டப்பட்டது. லாஃப்ட்கள் 15, 16.5, 18, 21, 24 எனப் போகின்றன.

இதில் 15 டிகிரி 3-வுட்டையும் 21 டிகிரி 7-வுட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்துப் பார்த்தாலே மனசுக்குப் புரியும். 15-ல் முகம் நிமிர்ந்து நின்று பந்தை முறைக்கிறது. அதைப் பார்க்கும் ஆட்டக்காரர் தன்னையறியாமல் பந்தைக் கையால் தூக்கிவிட முயல்கிறார். எடை பின்காலில் தங்குகிறது, அடி தலையில் விழுகிறது. 21-ல் முகம் பந்துக்கு அடியில் போகும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. தூக்க வேண்டும் என்ற பதற்றம் இல்லை. 3-வுட்டின் குறைகளில் பாதிக்குக் காரணம் ஆட்டக்காரரின் இந்தப் பதற்றம்தான். அதைக் கிளப்பின் கணக்கில் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம் என்பேன். பதற்றத்தை உண்டாக்கும் கருவி நல்ல கருவியாகாது.

இந்தக் கிளப்புக்கும் குறைகள் உண்டு. வேகமாக வீசும் ஆளுக்கு சிம் மேக்ஸ் பந்தைத் தேவைக்கு மேல் தூக்கிவிடும். பிற்பகலில் கடற்காற்று ஏறிய பிறகு கிழக்கு நோக்கிய குழிகளில் 7-வுட் பந்து காற்றில் தொங்கித் தூரம் இழக்கும். பந்தைத் தாழ அடிக்கத் தெரிந்தவருக்கு இது வளைந்து கொடுக்காது. நம் ஆளுக்கு இவை எதுவும் அன்றாடப் பிரச்சினையாக வராது. பந்து எழும்பவில்லை என்பதுதான் அவருடைய அன்றாடப் பிரச்சினை.

விளம்பரங்கள் வேறு திசையில் இழுக்கின்றன. "குறைந்த சுழற்சி" என்பது இப்போதைய மந்திரம். அதிவேக ஆட்டக்காரருக்குச் சுழற்சி குறைந்தால் தூரம் கூடும். 80 மைல் ஆளுக்குச் சுழற்சி குறைந்தால் பந்து வானத்திலிருந்து விழுந்துவிடும். தலையின் எடையை முகத்தை ஒட்டி முன்னால் வைத்துச் செய்த மாதிரிகள் அவருக்கு ஆகாது. எடை தாழ்ந்து பின்தள்ளி இருக்க வேண்டும். கார்பன் மேல்மூடியால் சில கிராம் மிச்சமாகி அடியில் போகிறது, உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலைக்கும் கிடைக்கும் பலனுக்கும் பொருத்தம் இல்லை. திருகித் திருப்பும் கழுத்து இன்னொரு ஆசை. லாஃப்டைக் கூட்டினால் முகமும் இடப்பக்கம் மூடிக்கொள்ளும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. பெரும்பாலோர் வாங்கிய நாளில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். தூர வாக்குறுதிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 2012-ல் டெய்லர்மேட்டின் ராக்கெட்பால்ஸ் 3-வுட் 17 யார்டு கூடுதல் என்று விளம்பரப்படுத்தப்பட்டது; அந்த எண்ணை நல்ல ஆட்டக்காரர்களை வைத்து எடுத்ததாகவும் அதே விளம்பரம் சொன்னது. பெரிய எழுத்தை மட்டும் படித்து வாங்கியவர்களே அதிகம். இத்தனைக்கும் தாழ்ந்த முகத்தின் அருமை தொழிலுக்குத் தெரியாததல்ல. 1990-களில் பார்னி ஆடம்ஸின் டைட் லைஸ் என்ற கிளப் விற்றுத் தீர்ந்ததே, இறுகிய தரையிலிருந்தும் பந்தை எழுப்பும் தாழ்ந்த முகத்தால்தான்.

3-வுட்டுக்காகவும் வாதாட வேண்டும். டிரைவரைக் கண்டாலே வலப்பக்கம் சிதறுபவர்கள் உண்டு. அவர்கள் டீயிலிருந்து 3-வுட் அடித்தால் பந்து பெரும்பாலும் ஆட்டத்துக்குள் நிற்கும். மரங்கள் நெருங்கிய குழிகளில் இது பெரிய லாபம். டீ வைத்து அடிக்கும்போது நான் சொன்ன தரைக் கணக்கும் மாறிவிடுகிறது. பந்து மேலே நிற்பதால் அடி நடுவில் விழும். டிரைவரையே பையிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் 3-வுட் வைப்பவருக்கு என் ஆட்சேபம் இல்லை. அப்போதும் 15-ஐவிட 16.5 நல்லது.

ஹைபிரிட் ஆதரவாளர்களின் வாதம் இன்னும் வலுவானது. நீளம் குறைவு, தலை சிறிது, அயர்ன் போல மேலிருந்து இறக்கி அடிக்கலாம், நெடும்புல்லில் சிக்காது. கிரிக்கெட்டிலிருந்தோ ஹாக்கியிலிருந்தோ வந்து, தரையில் குத்தி அடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு ஹைபிரிட்டே சரி. அவர் ஃபேர்வே வுட் வாங்கவே வேண்டாம். ஆனால் பந்தை வழித்து அடிப்பவருக்கு ஹைபிரிட் தாழப் பறக்கும். பலருக்கு இடப்பக்கம் கொக்கி போடும். அதே லாஃப்டில் ஃபேர்வே வுட்டின் எடை பின்னால் தள்ளி இருப்பதால் பந்து இன்னும் உயரமாகப் போய் மெதுவாக இறங்கும். நான் யாரையும் நேரில் பார்த்து ஆலோசனை சொல்லும்போது கேட்கும் ஒரே கேள்வி: அயர்ன் அடித்தால் புல்தரை பெயர்கிறதா? பெயர்ந்தால் ஹைபிரிட். பெயராவிட்டால் வுட்.

7-வுட் என்றால் வயதானவர் கிளப், பெண்கள் கிளப் என்று முகம் சுளிக்கிறவர்கள் இன்றும் உண்டு. 2020 நவம்பரில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியை 20 அண்டரில், 268 என்ற சாதனைக் கணக்கில் வென்ற டஸ்டின் ஜான்சனின் பையில் 21 டிகிரி 7-வுட் இருந்தது. சிம் மேக்ஸ்தான். உலகிலேயே நீளமாக அடிப்பவர்களில் ஒருவர் கூச்சமின்றி எடுத்துப் போனார். பெண்கள் கிளப் என்பதை இழிவாகச் சொல்பவருக்கு இன்னொரு பதிலும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தார். களத்தில் டிரைவ் தூரம் குறைந்தவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் அயர்ன் எடுத்த இடங்களில் அவர் வுட்டும் ஹைபிரிட்டும் எடுத்து கிரீனைத் தொட்டார். நம் தூரத்துக்கும் நம் தரைக்கும் முன்மாதிரி தேட வேண்டுமென்றால் அவருடைய ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. எங்கள் பக்கத்து அன்றாட ஆட்டக்காரர் ஒரே ஒரு ஃபேர்வே வுட் வாங்குவதானால் 3-வுட்டை விட்டுவிடட்டும். டிரைவர் வேகம் 85 மைலுக்கு மேல் இருந்தால் 18 டிகிரி 5-வுட், அதற்குக் கீழே இருந்தால் 21 டிகிரி 7-வுட். எஃகுத் தலை, தாழ்ந்த முகம், தட்டையாக இல்லாத அடிப்பாகம், ஒட்டிய கழுத்து. ஷாஃப்ட் ரெகுலர் அல்லது அதற்கும் இளகியது. ஸ்டிஃப் என்ற எழுத்தைப் பெருமைக்காகச் சுமக்க வேண்டாம். மூன்று, நான்கு வருடம் பழைய மாதிரி போதும். புத்தம்புது மாதிரிக்குத் தரும் கூடுதல் பணத்தில், முறையாகச் சொல்லித்தருபவரிடம் சில வகுப்புகள் எடுத்துக்கொண்டால் அதிகம் கிடைக்கும். இப்போதுதான் விளையாட்டுக்குள் வருபவர் டெக்கத்லானின் இனெசிஸ் வகையில் தொடங்கினாலும் குறை சொல்ல மாட்டேன்.

பழையதை வாங்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கள்ளப் பிரதிகள் ஏராளம். தலையைக் காதருகே ஆட்டினால் உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. டீயிலிருந்து அடி தவறிப் பட்டதால் மேல்மூடியில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கழுத்தில் பொறித்த தொடர் எண் அழுத்தமாக, நேராக இருக்க வேண்டும். அடிப்பாகக் கீறல்களைக் கண்டு பயப்படாதீர்கள். அவை முன்பின்னாக, நேராக ஓடினால் முன்பு வைத்திருந்தவர் நன்றாகவே அடித்திருக்கிறார். கிரிப்பை மட்டும் கண்டிப்பாக மாற்றிவிடுங்கள். கார் டிக்கியில் வெந்த ரப்பர் கண்ணாடிபோல் இறுகிவிடும். நம் ஊர் வியர்வையில் அது கையில் வழுக்கும். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு அசையாது. நூல் கலந்த கார்டு கிரிப் உள்ளங்கையைக் கொஞ்சம் உராயும், ஆனால் வைகாசியிலும் நழுவாது.